ஒயின் பாட்டிலில் இருக்கும் ஆண்டு: மழை, வெயில், பனி பற்றிப் புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஒரு கிளை உண்டு. விடுமுறைக்கு அங்கிருந்து வருகிறவர்களின் பெட்டியில் சாக்லேட், சென்ட் இவற்றோடு துணி சுற்றிய ஒயின் பாட்டில் ஒன்றும் இருக்கும். அதைக் கையில் வாங்கியதும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு வானிலையில்தான் போய் நிற்கிறது. திராட்சைத் தோட்டத்தைப் பொறுத்தவரை ஆண்டு முழுக்க எவ்வளவு மழை பெய்தது என்பது இரண்டாம்பட்சம். எந்த வாரத்தில் பெய்தது என்பதே கணக்கு.

லேபிளில் 2018 என்று போட்டிருக்கிறது. காலாவதி ஆகிவிட்டதா?

இல்லை. அது திராட்சை பறித்த ஆண்டு. மாத்திரை அட்டையிலும் பால் பாக்கெட்டிலும் தேதி பார்த்துப் பழகியதால் அப்படித் தோன்றுகிறது. பிரான்சில் 2018 என்றால் அந்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பறித்த பழம். ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பருவம் தலைகீழ் என்பதால் அங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பறிக்கிறார்கள். ஆகவே ஒரே ஆண்டைப் போட்ட இரண்டு பாட்டில்களுக்கு இடையே அரை ஆண்டு வயது வித்தியாசம் இருக்கலாம்.

பழையது என்றாலே உயர்ந்தது என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடலாம். உலகில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்துத் தீர்க்கவே செய்யப்படுகிறது.

ஒரே தோட்டம், அதே கொடி, அதே ஆள். பிறகு ஏன் ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறுகிறது?

பழத்தில் இருக்கும் இனிப்பும் புளிப்பும் ஒவ்வொரு ஆண்டும் ஒரே அளவில் அமைவதில்லை. வெயில் பட்டால் இலை சர்க்கரை தயாரித்துப் பழத்துக்கு அனுப்புகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 12 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே சர்க்கரை வேண்டும். மேகம் மூடிய ஆண்டில் அது சேராது.

புளிப்பின் கதை வேறு. திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் இருக்கின்றன. டார்டாரிக் அமிலம் வெயிலுக்கு எளிதில் அசையாது. மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசிக்கும்போது செலவழித்துவிடுகிறது, வெப்பம் ஏற ஏற அந்தச் செலவும் ஏறுகிறது. எனவே சுட்டெரித்த ஆண்டின் ஒயின் கனமாக, மொழுக்கென்று இருக்கும். குளிர்ந்த ஆண்டின் ஒயின் நாக்கின் ஓரத்தைக் கூசவைக்கும். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்று அமைந்தால் இரண்டும் கைகூடும். தோலின் நிறமும் அப்போது நன்றாக ஏறும்.

அங்கே திராட்சைக் கொடிக்கு ஓராண்டு எப்படிப் போகிறது?

நம் மாதங்களிலேயே சொல்கிறேன், மனத்தில் நிற்கும். கார்த்திகையில் இலை உதிர்த்துக் கொடி உறங்கப் போகிறது. மார்கழி, தை, மாசியில் வெறும் குச்சிதான். அந்தக் குளிரில் கை விறைக்க விறைக்கக் கவாத்து செய்கிறார்கள், அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். பங்குனியில் சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டியதும் மொட்டு வெடித்துத் துளிர் வருகிறது. வைகாசிக் கடைசியிலும் ஆனித் தொடக்கத்திலும் பூ. ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள் பச்சைக் காய் நிறம் மாறி இளகுகிறது. புரட்டாசியில் பறிப்பு. பூவிலிருந்து பறிப்பு வரை ஏறத்தாழ 100 நாள் என்பது தோட்டக்காரர்களின் பழைய கணக்கு.

இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எதிரி உண்டு. துளிருக்கு உறைபனி, பூவுக்கு மழை, காய்க்கு ஆலங்கட்டி, பழத்துக்கு மறுபடியும் மழை.

உறைபனி குளிர்காலத்தில்தானே பெய்யும்? அப்போது கொடி உறங்குகிறதே, என்ன கெடுதல்?

சரியான கேள்வி. உறங்கும் கொடி பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியைக்கூடத் தாங்கும். 1956 பிப்ரவரியில் பிரான்சின் தென்மேற்கே உள்ள ஒயின் பகுதியான போர்டோவில் வந்ததைப் போன்ற கொடுங்குளிர் கொடியையே கொன்றுவிடும் என்றாலும் அது அரிது. உண்மையான ஆபத்து ஏப்ரலில் இருக்கிறது. மார்ச் மாதம் இதமாக இருந்தால் கொடி ஏமாந்து முன்னதாகவே துளிர்த்துவிடும். பிறகு ஒரே ஓர் இரவு போதும்.

2021இல் அதுதான் நடந்தது. மார்ச் கடைசியில் பிரான்சின் பல இடங்களில் கோடைபோல வெயில் அடித்தது. ஏப்ரல் 7, 8 தேதிகளை ஒட்டிய இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. காலையில் பச்சைத் துளிர் வெந்த கீரையைப்போலத் துவண்டு, வெயில் ஏறியதும் பழுப்பாகிப் பொடிந்தது. அந்த ஆண்டு நாட்டின் மொத்த ஒயின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அடிபட்ட கொடி மறுபடியும் துளிர்க்கும். ஆனால் இரண்டாவது துளிரில் குலை கட்டுவது குறைவு.

காப்பாற்ற என்ன செய்கிறார்கள் என்பதும் கேட்கத் தக்கது. வரிசைகளுக்கு இடையே ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் பெரிய மெழுகு வாளிகளை வைத்து நள்ளிரவில் கொளுத்துகிறார்கள். மேலே நிற்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ள ராட்சத விசிறிகளை ஓட்டுகிறார்கள், சிலர் ஹெலிகாப்டரையே பறக்கவிடுகிறார்கள். வடக்கே ஷாப்லி பகுதியில் கொடியின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். உறையும் தண்ணீர் வெப்பத்தை வெளியிடும். அதனால் பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிர் பூஜ்யத்தை ஒட்டியே நின்று பிழைத்துக்கொள்கிறது. நடுவில் தண்ணீர் நின்றுபோனால் எல்லாம் போயிற்று, ஆகவே விடியும் வரை பம்பை நிறுத்தக் கூடாது.

பூக்கும்போது மழை பெய்தால் என்ன ஆகும்?

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரி விவசாயிகளிடம் இதற்கு விளக்கமே தேவையில்லை. தை, மாசியில் முந்திரி பூத்திருக்கும்போது மேகம் மூடி மழை பெய்தால் பூ கருகுவதும், தேயிலைக் கொசு என்ற பூச்சி ஏறிக்கொள்வதும், பங்குனி சித்திரையில் கொட்டை குறைவதும் அவர்கள் பார்த்தது. திராட்சைப் பூவும் அப்படியே. அது கண்ணுக்கே தெரியாத அளவு சின்னப் பூ, தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். ஆனால் குளிர்மழையில் மூடி கழலாமல் பூ உதிர்ந்துவிடும். உதிராத குலையிலும் சில மணிகள் பெரிதாகவும் சில கடுகுபோலவும் நிற்கும். விளைச்சல் குறைந்தாலும் அப்படி நின்ற சிறு மணிகளில் தோலின் பங்கு அதிகம் என்பதால் ஒயின் செறிவாக வருவதுண்டு.

மழை நிறையப் பெய்தால் பயிருக்கு நல்லதுதானே?

நெல்லை வைத்து யோசிப்பதால் வரும் கேள்வி. திராட்சைக்குக் குளிர்காலத்தில் மண் நனைய வேண்டும், கோடையில் கொஞ்சம் தாகத்தோடு இருக்க வேண்டும். துளிர்விட்ட பிறகு மழை தொடர்ந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். இதற்குத் தோட்டக்காரர்களிடம் ஒரு ‘மூன்று பத்து’ கணக்கு இருக்கிறது. துளிர் 10 சென்டிமீட்டர் வளர்ந்திருந்து, வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இருந்து, ஓரிரு நாளில் 10 மில்லிமீட்டர் மழை பெய்துவிட்டால் நோய் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். இலையின் மேற்புறம் எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் திட்டு, புரட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பஞ்சு. 2018இலும் 2023இலும் போர்டோ பகுதியை இந்த நோய் கடுமையாகத் தாக்கியது.

இந்த நோயிலிருந்து பிறந்த மருந்து நம் ஊர்க் கொல்லைகளில் இன்றும் இருக்கிறது. அதுதான் போர்டோ கலவை. 1882இல் போர்டோவின் மெடாக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காதிருக்க, பார்க்க விஷம்போலத் தெரியட்டும் என்று தோட்டக்காரர்கள் மயில்துத்தமும் (செம்பு கலந்த நீல உப்பு) சுண்ணாம்பும் கலந்து அந்த வரிசைகளில் பூசியிருந்தார்கள். அவர் அதை ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார்.

வெற்றிலைக் கொடிக்காலோ தென்னையோ வைத்திருப்பவர்களுக்கு இந்த நீலக் கலவை கைப்பழக்கம். ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் தனியே கரைக்க வேண்டும், இரும்பு, தகரப் பாத்திரம் உதவாது. சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குவார்கள். பிறகு தீட்டிய கத்தி ஒன்றைச் சற்று நேரம் அதில் முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். முனையில் செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, கத்தி வெள்ளையாக வரும்வரை சோதிப்பார்கள். ஒயின் நாட்டின் மழைக்காலக் கவலை ஒன்று, நூற்றாண்டு கடந்து, நம் கொடிக்காலில் கத்தி முனையில் நிற்கிறது.

அறுவடைக்கு முந்தைய வாரம் மழை வந்தால்?

மனிதர்களைத் தூங்கவிடாத வாரம் அதுதான். வேர் தண்ணீரை இழுத்துப் பழம் உப்புகிறது, சர்க்கரை நீர்க்கிறது, தோல் வெடிக்கிறது, வெடித்த இடத்தில் அழுகல் நுழைகிறது. மழைக்கு முன் பறித்துவிடலாம் என்றால் பழம் முழுதாகப் பழுக்கவில்லை. காத்திருந்தால் மழை நிற்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

1964 போர்டோ இதற்குச் சிறந்த பாடம். கோடை அருமையாக இருந்தது. அக்டோபர் 8ஆம் தேதி தொடங்கிய மழை இரண்டு வாரம் விடவில்லை. மெர்லோ என்ற ரகம் முன்னதாகப் பழுக்கும். அதை அதிகம் வளர்க்கிற பொமரோல், சாந்த் எமிலியோன் பகுதிகளில் பறிப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெடாக்கில், தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோனை நம்பிக் காத்திருந்தவர்கள் நனைந்த பழத்தைப் பறித்தார்கள். அதே மெடாக்கில் மழைக்கு முன்பே பறித்துவிட்ட லத்தூர் தோட்டத்தின் 1964 இன்றும் புகழோடு இருக்கிறது. ஆண்டு ஒன்று, ஊர் ஒன்று. பறித்த தேதிதான் வேறு.

‘நல்ல ஆண்டு’ பட்டியலைப் பார்த்து வாங்கலாமா?

ஒரு பகுதிக்கான பட்டியலை இன்னொரு பகுதிக்குப் பொருத்தக் கூடாது. பிரான்சின் கிழக்கே உள்ள ஒயின் பகுதியான பர்கண்டிக்கு 2021 உறைபனி ஆண்டு. அதே 2021 இத்தாலியின் பியேமோந்தேயில் மிகவும் மெச்சப்படுகிறது. ஒரே பகுதிக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பர்கண்டியின் பொமார், வோல்னே கிராமங்களை ஆலங்கட்டி மழை அடித்து நொறுக்கியது. சற்றுத் தள்ளியிருந்த கிராமங்கள் தப்பின.

போர்டோவில் 1982, 2005, 2009, 2010 எல்லாம் கொண்டாடப்படுபவை, 2013 மோசமானது என்பார்கள். கொண்டாடப்பட்ட ஆண்டின் விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். சுமாரான ஆண்டில் அக்கறையுள்ள ஒருவர், அழுகிய மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுச் செய்த ஒயினையே நான் தேர்ந்தெடுப்பேன். விலையும் கைக்கு அடங்கும், சீக்கிரமே குடிக்கவும் பதமாகிவிடும்.

பூஞ்சை பிடித்த திராட்சையில் ஒயின் செய்கிறார்களாமே?

ஆம், அதுவும் மிக உயர்ந்த இனிப்பு ஒயின். போர்டோவுக்குத் தெற்கே சோத்தேர்ன் பகுதியில் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு, சற்று வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர் காலத்தில் அங்கே காலையில் மூடுபனி, பிற்பகலில் வெயில். பனியில் பூஞ்சை வளர்ந்து தோலில் நுண்ணிய துளையிடுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிப் பழம் சுருங்கி, சர்க்கரை செறிகிறது. பிற்பகல் வெயில் வராமல் மழை பெய்தால் அதே பூஞ்சை வெறும் அழுகலாக முடியும். 2012 விளைச்சலில் அப்பகுதியின் புகழ்பெற்ற இக்கேம் மாளிகை தன் பெயரில் இனிப்பு ஒயின் வெளியிடவே இல்லை. அதன் ஒரு பாட்டில் என்ன விலை போகும் என்பதை நினைத்தால், அந்த முடிவை எடுத்தவர்களை மதிக்கத் தோன்றுகிறது.

வெயில் கூடினால் இனிப்பும் கூடும். அது நல்லதில்லையா?

ஓரளவு வரை. 2003 கோடையில் ஐரோப்பா வெந்தது. பர்கண்டியில் ஆகஸ்டிலேயே பறிக்கத் தொடங்கினார்கள். ஒயின் கனமாகவும் புளிப்பு இல்லாமலும் வந்தது, வெயிலில் வாடிய மணிகளின் ருசி சிலவற்றில் தெரிந்தது.

அது ஒரு ஆண்டோடு நிற்கவில்லை. பர்கண்டியின் போன் நகரத்தில் 1354 முதல் அறுவடைத் தேதிகளுக்குப் பதிவு இருக்கிறது. நகராட்சிக் கணக்குகள், கூலிப் பட்டியல்கள் என்று தேடி ஆய்வாளர்கள் அதைக் கோத்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்தைய ஆறு நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முன்னதாக வருகிறது. மரபு மாறாத போர்டோவிலேயே, வெப்பத்தைத் தாங்கும் ஆறு புதிய ரகங்களுக்கு 2021இல் அனுமதி கிடைத்தது. ஜெர்மனியில் கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து ஒரு ஒயின் செய்வார்கள், அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி குளிர் வேண்டும். 2019 விளைச்சலில் அந்தக் குளிர் வரவே இல்லை.

என் பாட்டிலில் ஆண்டே இல்லையே?

ஷாம்பெய்ன் பகுதியின் நுரைக்கும் ஒயினாக இருக்கலாம். அங்கே வானிலை நம்ப முடியாதது என்பதால் பல ஆண்டுகளின் ஒயினைச் சேமித்துவைத்துக் கலக்குகிறார்கள். அருமையான ஆண்டு வாய்த்தால் மட்டும் அதைத் தனியே செய்து ஆண்டைப் போடுகிறார்கள். போலி வந்துவிட்டதா என்று பயப்பட வேண்டாம்.

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒயின் திராட்சை ஏன் பயிராவதில்லை?

கொடி வளரும். மொட்டை மாடியில் பந்தல் போட்டு நிழலுக்கு வளர்த்திருக்கும் வீடுகள் உண்டு, சில குலைகளும் காய்க்கும். ஒயினுக்கான விளைச்சல் என்பது வேறு கதை.

முதலில், நம் ஊரில் கொடி உறங்கக் குளிர் இல்லை. இலை உதிராமல் ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும். உறங்காத கொடியைக் கவாத்துதான் கட்டுப்படுத்த வேண்டும். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து செய்கிறார்கள். இரண்டாவதிலிருந்து வளர்ந்த குலை, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த வறண்ட குளிரில் முற்றி, ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்புக்கு வருகிறது. அதே நாள்காட்டியை இங்கே வைத்தால், அக்டோபரில் கவாத்து செய்த இளந்துளிரின் தலைமேல் வடகிழக்குப் பருவமழை இறங்கும். நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. மேலே சொன்ன ‘மூன்று பத்து’ கணக்கு இங்கே ஒரே பிற்பகலில் நிறைவேறிவிடும்.

அப்படியானால் மழை நின்ற பிறகு ஜனவரியில் கவாத்து செய்தால்? நோய் குறையும், ஆனால் பழம் முற்றுவது சித்திரை வெயிலில். பகல் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மே மாத இரவில் 27 டிகிரிக்குக் கீழே இறங்காத கடற்கரை ஊரில் பழத்தின் புளிப்பு நிற்காது. பிறகு புயல். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல ஆண்டு வளர்ந்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சல், புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டரை நெருங்கும் மழையைக் கொட்டியது. கம்பியிலும் கல்தூணிலும் நிற்கிற பந்தல் இதற்கு எம்மாத்திரம்.

கம்பத்தில் மட்டும் எப்படி விளைகிறது?

மேற்கு மலைத்தொடரின் மறைவில், கடலிலிருந்து தள்ளி, இரவுக் குளிர்ச்சியோடு அமைந்த பள்ளத்தாக்கு அது. கம்பம், சுருளிப்பட்டி பக்கம் பந்தலில் விளையும் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கவாத்துத் தேதியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிவைப்பதால் ஆண்டின் பெரும்பகுதியும் சந்தைக்குப் பழம் வருகிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பறிப்பு நேரத்து மழை மட்டும் அங்கேயும் எதிரிதான், மணி வெடித்துவிடும்.

இங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் அந்தப் பழத்தோடு சர்க்கரை சேர்ப்பது ஏன் என்றும் கேட்கிறார்கள். சாப்பிடுவதற்கான பழத்தில் ஒயினுக்குப் போதுமான சர்க்கரை இருக்காது. பிரான்சிலும் வெயில் போதாத ஆண்டுகளில் நொதிக்கும் முன் சர்க்கரை சேர்க்கும் வழக்கம் உண்டு. நெப்போலியன் காலத்து அமைச்சரும் வேதியியலாளருமான ஷப்தால் பெயரில் அது வழங்குகிறது.

உறவினர் கொடுத்த பாட்டிலை எங்கே வைப்பது?

பீரோவின் மேல் வேண்டாம். ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி வரை இதம். நம் வீட்டு மாடி அறை மே மாதத்தில் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோடை முழுக்கப் பீரோவின் மேல் நின்ற பர்கண்டி பாட்டில் ஒன்றை உறவினர் வீட்டில் பார்த்தேன். உள்ளே ஒயின் விரிந்து தக்கையைக் கால் அங்குலம் மேலே தள்ளியிருந்தது. மேலுறையைச் சுற்றிப் பிசுபிசுவென்று கசிவு, அதில் எறும்பு. திறந்தபோது வேகவைத்த பழத்தின் வாடை. தோட்டக்காரர் பனியிலிருந்தும் ஆலங்கட்டியிலிருந்தும் காப்பாற்றிய பழம் அது, மனம் பொறுக்கவில்லை.

ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், விளக்கு வெளிச்சம் படாமல் காகிதம் சுற்றிப் படுக்கவையுங்கள். திருகுமூடி என்றால் நிற்கவைக்கலாம். சில மாதங்களுக்கு அது தாங்கும். பல ஆண்டு வைத்துக் கனியவைக்கும் ஆசைக்கு நம் வீடுகள் ஏற்றவையல்ல, அக்னி நட்சத்திரத்துக்கு முன் குடித்துவிடுவது நல்லது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று லேபிளில் இருந்தால் அது ஐரோப்பிய அறையைச் சொல்கிறது. இங்கே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரத்தில் ஊற்றிவிடுங்கள்.